புரட்டிப் படுக்க வைப்போம், புண்ணைத் தடுப்போம்

வட்டவடை ஒரு மலை ஊர். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில் உள்ளது. அங்கே படிப்படியான வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. ஏறி இறங்கித்தான் வேலை செய்ய வேண்டும். அங்கே ஒருவருக்குப் பக்கவாதம் வந்து கை கால் விழுந்துவிட்டால், வீடே தவித்துப் போகும்.

"சிஸ்டர், பூண்டு விற்ற பணம் இருக்கிறது. மசாஜ் கட்டில் வாங்கினால் அப்பா நடப்பாரா?" என்று ஒரு மகள் கேட்கலாம். இதற்கு விடை தெரிந்துகொள்வோம்.

மசாஜ் கட்டில் என்ன செய்யும்?

அது மின்சாரத்தில் ஓடும். உருளைகள் உடம்பை அழுத்தும். சில கட்டில்கள் சூடும் கொடுக்கும். இறுகிய தசை தளரும். வலி கொஞ்ச நேரம் குறையும். ஆனால், விழுந்த கை காலை அது நடக்க வைக்காது. அதற்குப் பிசியோதெரபி பயிற்சி வேண்டும்.

ஆபத்தும் உண்டு. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. வெந்து புண்ணாகும். குளிருக்கு வைக்கும் வெந்நீர்ப் பைக்கும் இது பொருந்தும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தேய்க்கக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படுக்கைப் புண் ஏன் வருகிறது?

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கும். அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும். முதலில் தோல் சிவக்கும் அல்லது கறுக்கும். பிறகு புண்ணாகும். இடுப்பு, பிட்டம், குதிகால் ஆகிய இடங்களில் அதிகம் வரும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். இழுக்காதீர்கள், தூக்கி நகர்த்துங்கள்.
2. முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியிலும் வைத்தால் குதிகால் படுக்கையில் படாது.
3. தினமும் தோலைப் பாருங்கள். நிறம் மாறிய இடத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உள்ளே சதை இன்னும் கெடும்.
4. ஈரம் பட்டால் உடனே துடைத்து உலர்த்துங்கள். விரிப்பில் சுருக்கம் வேண்டாம்.
5. மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பருப்பு, முட்டை, பால் கொடுங்கள்.

எந்தப் படுக்கை நல்லது?

மசாஜ் கட்டிலைவிடக் காற்று மெத்தை உதவும். அதன் அறைகளில் காற்று மாறி மாறி ஏறி இறங்கும். அதனால் ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காது. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அப்போது மெத்தையைக் கவனியுங்கள். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

உதவி எங்கே கிடைக்கும்?

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் வலி தணிப்புப் பராமரிப்புச் சங்கம் தொடங்கியது. 2008-ல் மாநில அரசு இதற்குக் கொள்கை வகுத்தது. அதன்படி பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். பணத்தைச் செலவழிக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆஷா ஊழியரிடமும் கேட்கலாம்.

சிந்திப்போம்:

உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர் யார்? அவரைப் பார்த்துக்கொள்பவர் இரவில் தூங்குகிறாரா? அவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க உங்களில் யாரால் முடியும்?