திருவைந்தெழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு

சிவமயம்

சைவசமயிகள் நாடோறும் நியமமாகச் செபித்தற்குரிய மந்திரம் திருவைந்தெழுத்தாகிய ஸ்ரீ பஞ்சாட்சரமே என்பது சைவப் பிள்ளைகள் யாவரும் கேட்டறிந்ததொன்றாம். ஆயினும், கேட்டறிதல் வேறு, கைக்கொண்டொழுகுதல் வேறு. "பஞ்சாட்சரம் யாது?" என்று வகுப்பிலே வினாவியவுடன் விரைந்து விடைகூறும் மாணாக்கன், தன் வீட்டிலே ஒருநாளாயினும் அமைந்திருந்து அதனைப் பத்து முறை சொல்லியதுண்டோ என்று வினாவினால், தலைகுனிந்து நிற்பதையே நாம் பலகாற் கண்டிருக்கின்றோம். இக்குறை மாணாக்கன்மேலதன்று, பரீட்சை வினாவுக்கு விடையாக மாத்திரம் அதனைக் கற்பித்த நம்மவர்மேலதேயாம். ஆதலால், சைவாசிரியர்களுக்குப் பயன்படும்பொருட்டு, இதனைக் கற்பிக்கும் முறையை ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

நூல்களில் இதன் இடம்

யசுர்வேதத்துத் தைத்திரீய சங்கிதை 7 காண்டங்களையுடையது. அவற்றுள் நடுவணதாகிய 4ஆங் காண்டத்திலே ஸ்ரீ ருத்திரம் உள்ளது. அதன் 11 அனுவாகங்களுள் 8ஆவதன்கண் இவ்வைந்தெழுத்து விளங்குகின்றது. உருத்திரபசுபதி நாயனார் கழுத்தளவு நீரிலே நின்று இரவும் பகலும் ஓதிப் பேறு பெற்றது இந்த ருத்திரத்தையே.

தமிழ் வேதமாகிய தேவாரத்திலே மூவரும் இதற்கெனத் தனிப்பதிகம் அருளியிருக்கின்றனர். அவரவர் பாடிய காலத்தை ஆசிரியர் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் உபநயன காலத்திலே சீகாழியில் அந்தணர்க்குப் பஞ்சாக்கரத் திருப்பதிகத்தை உபதேசித்தார். பின்பு திருநல்லூர்ப் பெருமணத்திலே திருமணக் கோலத்தோடு சோதியிற் புகுங்காலத்து நமச்சிவாயத் திருப்பதிகத்தை அருளினார். திருநாவுக்கரசு நாயனார் கல்லோடு பிணித்துக் கடலிலே இடப்பட்டபோது பாடினார். சுந்தரமூர்த்தி நாயனார் திருப்பாண்டிக்கொடுமுடியிலே பாடினார். மாணிக்கவாசக சுவாமிகள் சிவபுராணத்தை இம்மந்திரத்தாலேயே தொடங்கினார். வாழ்வின் தொடக்கத்திலும், நடுவிலே நேரும் ஆபத்திலும், முடிவிலும் இது துணையாம் என்பது இவ்வரலாறுகளாற் பெறப்படும்.

சாத்திரங்களில் இதனைத் தேடும் ஆசிரியர் ஒன்பது என்னும் எண்ணை நினைவிற் கொள்க. திருமந்திரத்தின் 9ஆந் தந்திரத்திலே பஞ்சாக்கர வகைகள் கூறப்பட்டன. சிவஞானபோதத்தின் 9ஆஞ் சூத்திரம் அஞ்செழுத்தை எண்ணுமாறு விதிக்கின்றது. திருவருட்பயனின் 9ஆம் அதிகாரம் ஐந்தெழுத்தருள் நிலை என்பது. உண்மை விளக்கமும் இதன் பொருளைத் தெளிவாக உரைக்கும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் சைவவினாவிடை இரண்டாம் புத்தகத்திலே பஞ்சாட்சரத்துக்குத் தனியே ஓரியல் அமைத்தமையும் ஈண்டு நினைக்கற்பாலது.

எழுத்தெண்ணும் ஐயம்

கூர்த்த அறிவுடைய பிள்ளை ஒன்று, "ஐயா, நமச்சிவாய என்பதில் எழுத்து ஆறாகவன்றோ இருக்கின்றது?" என்று வினாவுதல் கூடும். வினாவிய பிள்ளையை அதட்டலாகாது. அது கருத்தூன்றிக் கேட்டமைக்கு மகிழ்தல் வேண்டும். மந்திரம் ந, ம, சி, வா, ய என ஐந்தெழுத்தேயாம். தமிழ்ப் பாட்டிலே வழங்குங்காற் சகரவொற்று மிகுந்து நமச்சிவாய என வந்தது. அவ்வொற்று மந்திர எழுத்தாக எண்ணப்படுவதன்று.

நமசிவாய எனத் தொடங்குவது தூல பஞ்சாட்சரம். சிவாயநம எனத் தொடங்குவது சூக்கும பஞ்சாட்சரம். எழுத்துக்கள் அவையே, நிற்கும் முறையே வேறு. பொருள் கூறும் நூல்களிலே வகரத்தைக் குறிலாகக் கொண்டு சிவயநம என வழங்குதலும் உண்டு.

பொருளை விளக்குமாறு

சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளாகிய சத்தியையும், யகரம் உயிரையும், நகரம் திரோதானத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும். திரோதானமாவது, உயிர் பக்குவமடையும் வரைக்கும் மலத்தோடு நின்று அதனைத் தொழிற்படுத்தும் சிவசத்தியின் மறைப்பாற்றல். இதனை இவ்வாறே எழுதிக்கொடுத்து மனனஞ் செய்வித்தால் பிள்ளை சொல்லும், உணராது. நாம் கையாண்டு பயன்கண்ட முறையொன்றை ஈண்டுக் கூறுவாம்.

மாணாக்கர் ஐவரை வகுப்பின் முன்னே வரிசையாக நிறுத்துக. ஒவ்வொருவர் கையிலும் சி, வ, ய, ந, ம என்னும் எழுத்துக்களுள் ஒவ்வொன்றை முறையே எழுதிக்கொடுக்க. நடுவில் நிற்பவன் யார் என்று வினாவுக. "ய" என்பர். ய என்பது உயிர். அஃதாவது நீயும் நானும் என்று கூறுக. பின்பு அந்நடுப்பிள்ளையை ந, ம நிற்கும் பக்கம் முகந்திருப்பச் செய்க. அப்போது அவன் சிவத்தையும் அருளையும் காணமாட்டான். அவை அவனுக்குப் பின்னே நிற்கும். அவை அவனை விட்டு நீங்கினவோ என்று வினாவுக. "இல்லை, அவன்தான் திரும்பிவிட்டான்" என்று பிள்ளைகளே கூறுவர். இனி அவனைச் சி, வ நிற்கும் பக்கம் திருப்புக. முதலில் அவனுக்கு அணித்தாய் நிற்பது வகரமாகிய அருள். அதற்கப்பால் நிற்பது சிகரமாகிய சிவம். அருளை முன்னிட்டே சிவத்தை அடைதல் கூடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

உயிர் எப்பொழுதும் இரண்டற்கும் நடுவே நிற்கின்றது. எப்பக்கம் நோக்குகின்றதோ அப்பக்கத்தைச் சார்ந்து அதன் இயல்பாகின்றது. செபமென்பது அம்முகத்தை நாடோறும் திருப்பும் பயிற்சியேயாம். ஒருநாள் திருப்பினாற் போதாதோ எனின், போதாது; மலத்தின் பக்கம் திரும்புதல் நெடுங்காலப் பழக்கமாகலின், அருளின் பக்கம் திரும்புதலும் பழக்கமாதல் வேண்டும்.

செபிக்கும் முறை

செபம் வாசிகம், உபாஞ்சு, மானதம் என மூவகைப்படும். பிறர் செவிக்குக் கேட்பச் சொல்லுதல் வாசிகம். தன் செவிக்கு மாத்திரம் கேட்குமாறு நாவும் உதடும் அசையச் சொல்லுதல் உபாஞ்சு. நா அசையாது மனத்தால் எண்ணுதல் மானதம். பின்னையது முன்னையதினும் சிறந்ததென்பர். ஆயினும், சிறுபிள்ளையை மானதத்திலே தொடக்குதல் பொருந்தாது, மனம் ஓடிவிடும். வகுப்பிலே திருமுறைவாயிலாக வாய்விட்டு ஓதி, உச்சரிப்புத் திருந்தியபின் மெல்லச் சொல்லவும், அதன்பின் மனத்தால் நினைக்கவும் பழக்குதலே முறையாம்.

கைகால் சுத்திசெய்து, விபூதி தரித்து, கிழக்கையாயினும் வடக்கையாயினும் நோக்கி, முதுகு வளையாது இருந்து, வலக்கைப் பெருவிரலால் விரலிறைகளைத் தொட்டு எண்ணிச் சொல்லுமாறு கற்பிக்க. 108 முறை சொல்லுதல் சிறப்பு. அஃதியலாதார் 50 முறையாயினும், 25 முறையாயினும், 10 முறையாயினும் நியமமாகச் சொல்லலாம். ஈண்டு ஆசிரியர் கருத்திருத்தற்குரியது எண்ணன்று, நியமமேயாம். ஒரு வெள்ளிக்கிழமை 108 முறை விரைந்து சொல்லிப் பின்பு ஒருமாதம் மறந்த பிள்ளையினும், நாடோறும் விளக்கேற்றும் வேளையிலே பத்து முறை நிதானமாகச் சொல்லும் பிள்ளையே செபஞ் செய்ததாகும். "யார் அதிகஞ் சொல்லினர்?" என்று வகுப்பிலே போட்டி வைத்தல் ஒருபோதும் தகாது. அது சிவத்தின் பக்கம் திரும்பவேண்டிய முகத்தைப் பக்கத்துப் பிள்ளையின் பக்கம் திருப்புவதாய் முடியும். குற்றஞ்செய்த பிள்ளைக்குத் தண்டனையாகச் செபம் விதித்தல் அதனினும் தகாது.

தீக்கை பெறாத பிள்ளைகள்

சமயதீக்கை பெற்றவர்க்கே பஞ்சாட்சர செபம் உரியதென்பது விதி. வகுப்பிலுள்ள பிள்ளைகளுட் பெரும்பாலார் தீக்கை பெறாதவர். அவர்க்கு இதனைக் கற்பித்தல் தகுமோ எனச் சில ஆசிரியர் ஐயுறுகின்றனர். இவ்வையம் சாத்திரத்திலே மதிப்புடைமையால் எழுவது, இகழற்பாலதன்று. ஆயினும், குருவினிடத்துப் பெற்று, விதிப்படி அங்கங்களோடு செய்யும் மந்திரசெபம் வேறு. இறைவன் திருநாமமாகப் போற்றிச் சொல்லுதல் வேறு. முன்னையதற்குத் தீக்கை வேண்டும். பின்னையதற்கு அன்பொன்றே வேண்டும். தீக்கை பெறாத பிள்ளைகளும் சிவபுராணத்தை ஓதுகின்றனர். அதன் முதலிலே இவ்வெழுத்துக்களைச் சொல்லியே தொடங்குகின்றனர். அதனை யாரும் தடுத்ததில்லை. ஆதலால் ஆசிரியர், பிள்ளைகளைத் திருநாமமாகச் சொல்லவும் "சிவசிவ" என்று நினைக்கவும் பழக்கி, தக்க பருவத்திலே தீக்கை பெற்றுச் செபிக்கும் வேட்கையை அவர்க்கு உண்டாக்குவாராக. இங்ஙனம் செய்வார் விதியைக் கடந்தவராகார். விதியை நோக்கி வழிகாட்டியவராவர்.

இவ்விடத்து நம் குற்றமொன்றையும் மறையாது கூறல் வேண்டும். கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலே, சாதிவேற்றுமை காரணமாகச் சில பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே சமாசனமும் மறுக்கப்பட்டது. விதியின் பெயரால் அன்று வாயில் அடைத்தோர் விதியைக் காத்தவராகார். திருநல்லூர்ப் பெருமணத்திலே ஐந்தெழுத்தின் பதிகத்தை ஓதிய பிள்ளையார், மணங்காண வந்தார் யாவரையும் சோதியிலே புகுகவென்று அழைத்தனர். திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மனைவியாரோடு உடன்புகுந்தனர். அங்கே குலம் வினாவப்பட்டிலது. சைவாசிரியர் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்வாராக.

ஆசிரியர் கடன்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் தேதியிரவு, வலிகாமத்து மக்கள் போருக்கஞ்சி ஊரை நீங்கித் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழையும் இருளும் நெருக்கமுமாயிருந்த அவ்வழியிலே நாமும் நடந்தோம். புத்தகங்களை விட்டோம், பூசைக்குரிய பொருள்களை விட்டோம், பாடசாலையையும் கோயிலையும் பின்னே விட்டோம். எமக்கு முன்னே ஒரு சிறுபெண் தன் தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு, அவன் அழுந்தோறும் "சிவசிவ என்று சொல்லு" என்று கூறிக்கொண்டு நடந்தாள். அவனும் தேம்பித் தேம்பிச் சொன்னான். அதனை அவளுக்கு எந்த ஆசிரியர் கற்பித்தாரோ, அவர் அறியார். கையிற் கொண்டன யாவும் வழியிலே கழிந்தன. நாவிற் பழகியது கழிந்திலது. நாவரசர் கடலிலே கண்ட உண்மையை யாம் அன்று தரையிலே கண்டோம்.

பரீட்சையிலே பெறும் புள்ளி ஓராண்டிலே மறக்கப்படும். நாம் பிள்ளைக்குக் கொடுத்தற்குரியது, யாவும் கைவிட்ட காலத்திலும் கைவிடாதிருக்கும் அப்பழக்கமே. அதனைக் கொடுத்தற்கு ஆசிரியரிடத்து அது முதலில் இருத்தல் வேண்டும். ஆதலால், இப்பாடத்தைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், அதற்கு முன்னதாக ஒரு திங்களாயினும் தாம் நாடோறும் நியமமாகத் திருவைந்தெழுத்தை ஓதுவாராக. பின்பு வகுப்பிலே சென்று நிற்பாராக. அவர் சொல்லுஞ் சொல்லின் வேறுபாட்டைப் பிள்ளைகளே அறிவர்.

திருச்சிற்றம்பலம்.