டேப்லெட்டைத் திட்டுறதுக்கு முன்னாடி…

வாங்கின மறுநாளே "ஸ்கிரீன் மட்டம், ஏமாத்திட்டான்"னு பெட்டியைத் தூக்கிட்டு கடைக்குக் கிளம்பாதே, கண்ணு. படம் மங்கலா தெரியுறதுக்குக் காரணம் உள்ளே இருக்குற பேனலா இருக்கலாம், செட்டிங்ஸா இருக்கலாம், நீ பார்க்குற வீடியோவே மட்டமா இருக்கலாம். பேனலை மட்டும்தான் நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. மத்த ரெண்டையும் முதல்ல பாரு.

1. மேலே ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் ஷீட்டை உரிச்சியா? கீறல் விழுமேன்னு மாசக்கணக்கா அதோடயே பார்க்குறவங்களும் இருக்காங்க! மேட் கார்டு எழுத்தைக் கொஞ்சம் மங்க வைக்கும். பிரைவசி கார்டு வெளிச்சத்தையே குடிச்சிடும்.

2. செட்டிங்ஸ் பக்கத்து எழுத்து பளிச்சுனு இருந்து, வீடியோ மட்டும் மங்கலா? அப்ப ஸ்கிரீனைக் குத்தம் சொல்லாதே. யூடியூப் 'ஆட்டோ'வுல இருந்தா, நெட் இழுக்கும்போது 360-க்கு இறங்கிடும். நீயே 1080-க்கு மாத்து. நெட்ஃபிளிக்ஸ் கதை வேற. அதுக்கு வைட்வைன்னு ஒரு பூட்டு இருக்கு. உன் டேப்லெட்டுல அது எல்3 ரகமா இருந்தா, ஸ்கிரீன் எவ்வளவு உசத்தியானாலும் 480-க்கு மேல படம் வராது, எல்1 இருக்கணும். அந்த ஆப்போட செட்டிங்ஸ்லயே 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்'ல எழுதியிருக்கும், பார்த்துக்கோ.

3. கோடு, கறுப்புப் புள்ளி தெரியுதா? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உன் போனுக்கு அனுப்பு. போன்லயும் அதே கோடு தெரிஞ்சா ஆப் கோளாறு. போன்ல இல்லைன்னா பேனல் கோளாறு. அன்னைக்கே பில்லோட சர்வீஸ் சென்டருக்குப் போ. விரலால அமுக்கி அமுக்கிப் பார்க்குறதை விடு, இன்னும் கெட்டுப்போகும். கலர் மாறித் தெரிஞ்சா மட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதே. அதுக்கு அடுத்ததைப் படி.

4. வீட்டுல குழந்தை இருக்கா? அப்ப பாதி 'ரிப்பேர்' அக்சசபிலிட்டியிலதான் இருக்கும். எதையாவது அமுக்கி வச்சிருக்கும்.

• படமெல்லாம் போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரிஞ்சா 'கலர் இன்வர்ஷன்' ஆன் ஆகியிருக்கு.

• ராத்திரி ஆனா கறுப்பு வெள்ளை, விடிஞ்சா சரியாயிடுதா? அது 'பெட்டைம் மோட்'. டைம் வச்சு தானே வந்துட்டுப் போகும்.

• மஞ்சள் பூத்திருந்தா 'நைட் லைட்'. ஐபேடுல 'நைட் ஷிஃப்ட்'.

• எல்லாம் பூதாகாரமாகி ஓரம் வெட்டுப்பட்டிருந்தா 'மேக்னிஃபிகேஷன்'. ஐபேடா இருந்தா மூணு விரலால ரெண்டு தட்டு தட்டு, சரியாயிடும்.

• தொட்டதையெல்லாம் வாசிச்சுக் காட்டுதா? பயந்து ஸ்விட்ச் ஆஃப் பண்ணாதே, அது 'டாக்பேக்'. வால்யூம் பட்டன் ரெண்டையும் சேர்த்துச் சில நொடி அமுக்கிப் பிடி. அதுக்கு அசையலைன்னா செட்டிங்ஸ்ல போய்த்தான் நிறுத்தணும். அதுவரைக்கும் ஒரு தட்டு தட்டினா தேர்ந்தெடுக்க மட்டும்தான் செய்யும். திறக்க ரெண்டு தட்டு, பக்கத்தை நகர்த்த ரெண்டு விரல். எரிச்சல் வேண்டாம், பார்வையில்லாதவங்க இதை வச்சுத்தான் பேங்க் வேலை வரைக்கும் தனியா முடிக்கிறாங்க.

5. மாமியாருக்கோ அம்மாவுக்கோ செட் பண்ணித் தர்றியா? 'ஃபான்ட் சைஸ்' எழுத்தை மட்டும் பெரிசாக்கும். 'டிஸ்ப்ளே சைஸ்' ஐகான், பட்டன் எல்லாத்தையும் பெரிசாக்கும். பாசத்துல ரெண்டையும் உச்சத்துக்கு ஏத்திடாதே. சில ஆப்புல 'சப்மிட்' பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போயிடும், அவங்க தேடித் தேடி உனக்கே போன் போடுவாங்க. முதல்ல எழுத்தை ஏத்து, போதலைன்னா டிஸ்ப்ளேயை ஒரே ஒரு படி. கூடவே 'போல்ட் டெக்ஸ்ட்' போடு, பாதி சிரமம் தீரும். கை நடுங்குறவங்களுக்கு 'டச் அண்ட் ஹோல்ட் டிலே'யை நீளமா வை, தெரியாம அமுங்குறது குறையும். படிச்சு அலுத்தா 'செலக்ட் டு ஸ்பீக்'. கூகுள் குரல்ல தமிழை டவுன்லோட் பண்ணி வச்சுட்டா செய்தியை வாசிச்சே காட்டிடும்.

6. இனிமேதான் வாங்கப்போறியா? பெட்டி மேல 'எச்டி'ன்னு போட்டிருந்தா மயங்கிடாதே. 10.1 இன்ச் டேப்லெட்டுல 1280×800-னா ஒரு இன்ச்சுக்குச் சுமார் 149 புள்ளி. அதே அளவுல 1920×1200-னா 224. அந்த வித்தியாசத்தை எந்த செட்டிங்ஸாலயும் ஈடுகட்ட முடியாது; எழுத்தைப் பெரிசாக்கலாம், பேனல்ல இல்லாத புள்ளியைக் கொண்டுவர முடியாது. கடையில ஓடுற டெமோ வீடியோ எந்த ஸ்கிரீன்லயும் ஜொலிக்கத்தான் செய்யும். அதை நிறுத்தச் சொல்லிட்டு, ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து எழுத்தைச் சின்னதாக்கு. 'ண்', 'ஞ்' ரெண்டுலயும் மேல் புள்ளி எழுத்தோட ஒட்டாம தனியா நிக்குதா பாரு. அப்புறம் சாய்ச்சுப் பிடி. பக்கவாட்டுல கலர் வெளுத்தா வேற மாடல் கேளு. வாசல் வெளிச்சத்துலயும் ஒரு தடவை பார்த்துட்டு, அதுக்கப்புறம் பில் போடச் சொல்லு.