மருத்துவக் குறியீட்டுப் பரீட்சைக்கு ஆயத்தமாதல்

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில், உயர்தரம் படித்து முடித்த பிள்ளைகள் சிலர் ஒரு புதிய தொழிலைப் பற்றி விசாரிக்கின்றனர். ‘மெடிக்கல் கோடிங்’ என்பது அதன் பெயர். தமிழில் மருத்துவக் குறியீட்டு வேலை எனலாம். வயலும் கிணறும் கைவிட்டுப் போன குடும்பத்துக்கு, கணனிக்கு முன்னால் இருந்து செய்யும் ஒரு வேலை பெரிய நம்பிக்கையாகத் தெரிவது இயல்பே. அதற்காக நகையை அடைவு வைக்கவும், மிஞ்சியிருக்கும் பசுவை விற்கவும் பெற்றோர் முன்வருகின்றனர். ஆகவே இப்பரீட்சை எதைக் கேட்கிறது, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது, காசு கட்டுமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பவற்றை ஒரு பாடமாகத் தருகிறோம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து வாசிப்பது நல்லது.

1. இது என்ன தொழில்?

அமெரிக்காவில் வைத்தியச் செலவின் பெரும் பகுதியைக் காப்புறுதி நிறுவனங்களும், 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான ‘மெடிகெயார்’ போன்ற அரச திட்டங்களும் செலுத்துகின்றன. பணத்தைக் கோரும்போது ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடும், செய்த ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடும் இட வேண்டும். சிகிச்சைக் குறியீடு என்ன செய்யப்பட்டது என்று சொல்லும். நோய்க் குறியீடு அது ஏன் செய்யப்பட்டது என்று சொல்லும். இரண்டும் பொருந்தாவிட்டால் கொடுப்பனவு மறுக்கப்படலாம். அந்தச் சுமை பல வேளைகளில் நோயாளியின் தலையில் விழுகிறது. செய்யாத சிகிச்சையைத் தெரிந்துகொண்டே செய்ததாகக் காட்டி அரசிடம் பணம் பெற்றால், 1863ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்படும். வைத்தியரின் குறிப்பை வாசித்து, அதற்குரிய குறியீட்டைத் தெரிபவரே குறியீட்டாளர்.

நோய்களை இலக்கமிட்டு வகுக்கும் முறை பழையது. 1893இல் பிரெஞ்சுப் புள்ளிவிபரவியலாளர் ஜாக் பெர்ட்டில்லோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலிலிருந்து அது வளர்ந்தது. 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பொறுப்பாக உள்ளது. அதன் பத்தாவது திருத்தமே ஐ.சி.டி.-10. எமது அரச வைத்தியசாலைகளிலும் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் நோய்கள் இதன்படியே வகைப்படுத்தப்படுகின்றன. அமெரிக்கா அதை மேலும் விரித்து, ஐ.சி.டி.-10-சி.எம். என்ற பெயரில் 2015 ஒக்டோபர் 1 முதல் பாவித்து வருகிறது. ஏடுகள் கணனி வழியே கடல் கடந்து செல்வதால், சென்னை, திருச்சி போன்ற நகரங்களிலிருந்தும் அமெரிக்க வைத்தியசாலைகளுக்கு இவ்வேலை செய்யப்படுகிறது. எமது இளையோர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இவ்வழியால்தான்.

2. பரீட்சையின் அமைப்பு

சான்றிதழ்கள் பல உண்டு. அதிகம் கேட்கப்படுவது சி.பி.சி. எனப்படுவது. 1988இல் தொடங்கப்பட்ட ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு அதை நடத்துகிறது. 100 வினாக்கள், 4 மணித்தியாலம், தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிய வேண்டும். சித்தியடைய 70 புள்ளி தேவை. பழைய வழிகாட்டிகளில் 150 வினாக்கள் என்றிருக்கும். அது முந்திய முறை.

பரீட்சைக்குள் குறியீட்டுப் புத்தகங்களைக் கொண்டு போகலாம். நோய்களுக்கு ஐ.சி.டி.-10-சி.எம்.; வைத்தியர் செய்யும் சிகிச்சைகளுக்கு சி.பி.ரி.; மருந்து, உபகரணம் முதலியவற்றுக்கு எச்.சி.பி.சி.எஸ். இரண்டாம் நிலை. ஆகவே குறியீடுகளை மனனம் செய்து பயனில்லை. புத்தகம் கையில் இருந்தும் பலர் தவறுவதற்கு நேரமே காரணம். 240 நிமிடத்தை 100ஆல் வகுத்தால் ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன் மட்டுமே வரும். அதற்குள் குறிப்பை வாசித்து, இடத்தைத் தேடி, விதியைச் சரிபார்க்க வேண்டும். தேடும் பழக்கமே இங்கு படிப்பு.

3. முதலாம் பாடம்: நாகம் தீண்டியவர்

வயலில் நின்ற ஒருவரை நாகம் தீண்டியது; அவசர சிகிச்சைப் பிரிவில் விஷமுறிப்பு மருந்து ஏற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் நச்சுப் பொருள்களுக்கென ஓர் அட்டவணை உண்டு. அதில் விஷம், பாம்பு, நாகம் என்று படிப்படியாக இறங்க வேண்டும். கிடைக்கும் குறியீடு ரி63.041ஏ. (ஆங்கில எழுத்துக்களை இங்கே தமிழில் எழுதுகிறோம்.) அதைப் பிரித்துப் பாருங்கள்:

ரி63 – நச்சு உயிரினத்தைத் தொட்டதால் வந்த விஷப் பாதிப்பு.
0 – பாம்பு.
4 – நாகம்.
1 – தற்செயலாக நேர்ந்தது.
ஏ – தீவிர சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.

கடைசி எழுத்தில் பலர் தடுக்கி விழுவர். ‘ஏ’ என்பதை முதல் வருகை என்று நினைப்பது தவறு. தீவிர சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும், வேறொரு வைத்தியர் பார்த்தாலும், ‘ஏ’ தான். அது முடிந்து, ஆறிவரும் காலத்தில் காட்ட வந்தால் ‘டி’. பிற்காலத்தில் அதன் விளைவாக வரும் குறைக்கு ‘எஸ்’. நாகத்தின் விஷத்தால் மூச்சுத் தடைப்பட்டிருந்தால் அதற்கும் தனிக் குறியீடு உண்டு. ஆனால் விஷத்தின் குறியீடே முன்னே வர வேண்டும்.

இங்கே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அட்டவணையிலோ அகரவரிசைச் சுட்டியிலோ கண்டதை அப்படியே எழுதக்கூடாது. குறியீட்டுப் பட்டியலுக்குப் போய், அங்குள்ள குறிப்புகளை வாசித்த பின்னரே எழுத வேண்டும்.

4. இரண்டாம் பாடம்: எழுதியதை மட்டும் குறியிடுக

மேலே கண்ட குறியீட்டில் ‘1’ என்ற இலக்கத்தை மீண்டும் பாருங்கள். நஞ்சு தொடர்பான குறியீடுகளில் அந்த இடம் நோக்கத்தைக் காட்டும். 1 தற்செயல், 2 தனக்குத்தானே செய்த தீங்கு, 3 பிறர் செய்த தீங்கு, 4 தீர்மானிக்க முடியாதது.

ஒருவர் ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிநாசினியால் பாதிக்கப்பட்டு வந்துள்ளார். எவ்வாறு நேர்ந்தது என்று வைத்தியர் எதுவும் எழுதவில்லை. குறியீட்டாளர் என்ன செய்வது? ஊரில் என்றால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். குறியீட்டாளருக்கு அந்த உரிமை இல்லை. நோக்கம் எழுதப்படாவிடில் தற்செயல் என்றே குறியிட வேண்டும் என்பது விதி. ஆகவே ரி60.0எக்ஸ்1ஏ. நடுவில் உள்ள ‘எக்ஸ்’ வெற்றிடத்தை நிரப்பும் எழுத்து. ‘4’ஐப் பாவிப்பதாயின், நோக்கத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று வைத்தியரே எழுதியிருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினால், யாரும் எழுதாத ஒரு கதை அந்த மனிதரின் ஏட்டில் நிலைத்துவிடும்.

இன்னொன்று. காய்ச்சலுடன் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தவருக்கு ‘டெங்கு என்று சந்தேகம்’ என வைத்தியர் எழுதுகிறார். டெங்குக் குறியீட்டை இடலாமா? கூடாது. வெளிநோயாளருக்குச் சந்தேகத்தைக் குறியிடுவதில்லை. தெரிந்த அறிகுறியான காய்ச்சலையே, ஆர்50.9 என, குறியிட வேண்டும். வைத்தியசாலையில் தங்கியிருந்து வெளியேறும் நோயாளிக்கு, வைத்தியசாலைக் கணக்கில் விதி வேறு: சில நோய்களைத் தவிர, சந்தேகமும் உறுதியானது போலக் குறியிடப்படும். வினாவில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகவே.

எமது நெஞ்சைத் தொடும் ஒரு குறியீடும் இப்புத்தகத்தில் உண்டு. போர்க் காலத்தில் புதைத்து, போர் ஓய்ந்த பின் வெடித்த மிதிவெடிக்கு வை36.81 தொடர். அதில் படையினருக்கு ஒன்றும் பொதுமக்களுக்கு ஒன்றுமாகப் பிரிவு உண்டு. ஆனால் இத்தகைய வெளிக்காரணக் குறியீடு ஒருபோதும் முதலில் வராது. காயமே முதலில், காரணம் பின்னால்.

5. மூன்றாம் பாடம்: தையல் போட்ட காயம்

சி.பி.ரி. புத்தகத்தில் சாதாரண தையலுக்குக் காயத்தின் நீளத்தைப் பார்ப்பர். ஒருவருக்கு மண்வெட்டி பட்டு, கையில் 2 சென்ரிமீற்றரும் காலில் 3 சென்ரிமீற்றரும் வெட்டுக் காயம்; இரண்டுக்கும் சாதாரண தையல். இரண்டு குறியீடு இடுவது பிழை. கையும் காலும் ஒரே பிரிவில் அடங்குவதால் நீளங்களைக் கூட்ட வேண்டும்: 5 சென்ரிமீற்றர். 2.6 முதல் 7.5 வரையான நீளத்துக்கு 12002. முகத்துக்கு வேறு பிரிவு. அதை இதனோடு கூட்ட முடியாது. தையலின் வகை வேறாயினும் கூட்ட முடியாது.

சிகிச்சைப் பெயர்களின் கடைசி அசையைக் கவனியுங்கள். ‘எக்டமி’ என்றால் வெட்டி அகற்றுதல். ‘ஒட்டமி’ என்றால் வெட்டித் திறத்தல். ‘ஒஸ்டமி’ என்றால் வாய்த்துளை அமைத்தல். பெருங்குடலில் இவை மூன்றும் மூன்று வேறு சத்திரசிகிச்சைகள். இத்தகைய முன்னொட்டு, பின்னொட்டுகளை ஒரு கொப்பியில் எழுதி மனனம் செய்யுங்கள். இப்பரீட்சையில் மனனத்துக்குரிய பகுதி இதுவே.

6. படிக்கும் ஒழுங்கு

நாளுக்கு 2 மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய பிள்ளைக்கு ஆறு மாத ஒழுங்கு ஒன்றைச் சொல்கிறோம்.

முதலாம் மாதம்: உடல் உறுப்புகளும் மருத்துவச் சொற்களும்.
இரண்டாம் மாதம்: ஐ.சி.டி.-10-சி.எம். புத்தகமும் அதன் விதிகளும்.
மூன்றாம், நான்காம் மாதங்கள்: சி.பி.ரி. பரீட்சையில் இதற்கே அதிக இடம். ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் உள்ள விதிகளை வாசிக்காமல் குறியீட்டுக்குப் போக வேண்டாம்.
ஐந்தாம் மாதம்: எச்.சி.பி.சி.எஸ்., குறியீட்டோடு சேர்க்கும் இணைப்பு இலக்கங்கள், காப்புறுதி விதிகள்.
ஆறாம் மாதம்: மணிக்கூட்டை வைத்து மாதிரிப் பரீட்சை. நீண்ட வினாவை விட்டு, சுருக்கமானதை முதலில் செய்யுங்கள். பிழைத்த வினாவைப் பார்த்து, எந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை என்று கொப்பியில் குறியுங்கள்.

தனியே படிப்பதிலும் மூவர் நால்வராகப் படிப்பது சிறந்தது. ஒருவர் தேட, மற்றவர் விதியைச் சொல்லிச் சரிபார்க்கலாம்.

7. காசு கட்டுமுன்

(அ) பயிற்சி நிலையம் தரும் சான்றிதழ் வேறு, சி.பி.சி. வேறு. நிலையத்தின் கட்டணத்துள் பரீட்சைக் கட்டணம், ஏ.ஏ.பி.சி. அங்கத்துவம், புத்தகங்கள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பரீட்சைக் கட்டணம் டொலரில் வரும்.

(ஆ) புத்தகம் எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். ஐ.சி.டி.-10-சி.எம். ஒவ்வோர் ஒக்டோபர் 1ஆம் திகதியும், சி.பி.ரி. ஒவ்வொரு சனவரி 1ஆம் திகதியும் புதுப்பிக்கப்படும். மலிவாகக் கிடைக்கும் பழைய புத்தகம் பயிற்சிக்கு உதவும், பரீட்சைக்கு உதவாது.

(இ) அனுபவமின்றிச் சித்தியடைந்தவரின் பட்டத்தோடு, பயிலுநர் என்பதைக் காட்டும் ‘ஏ’ எழுத்து சேர்க்கப்படும். அனுபவத்தை நிரூபித்த பின்னரே அது நீங்கும். பயிலுநருக்கு வேலை கிடைப்பது கடினமாகலாம். கணனியே குறியீட்டை முன்மொழியும் முறைகளும் பரவி வருகின்றன. ஆகவே ‘வேலை நிச்சயம்’ என்பவரிடம் எந்த நிறுவனத்தில், என்ன நிபந்தனையில் என்று கேளுங்கள். சித்தியடைந்த பின்னும் இரண்டு ஆண்டுக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகள் பெற வேண்டும்.

(ஈ) ஐ.சி.டி.-10-சி.எம். குறியீட்டுப் பட்டியலையும் அதன் அதிகாரபூர்வ விதிகளையும் அமெரிக்க அரசு இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. சி.பி.ரி. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உரிமை. அதை வாங்கியே ஆக வேண்டும். எனவே இலவசமான பகுதியை வைத்து ஆறு வாரம் படித்துப் பாருங்கள். ஆங்கில விதி ஒரு பக்கத்தை வாசித்து, அதைத் தாய்க்குத் தமிழில் விளக்கப் பிள்ளையால் முடிகிறதா? முடிந்தால் அடுத்த படி எடுக்கலாம். முடியாவிடில் முதலில் ஆங்கிலம் படிக்கட்டும். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

பயிற்சி

1. பனையிலிருந்து விழுந்து முன்கை முறிந்தவர். எக்குறியீடு முதலில் வரும்?
2. கையில் 4 சென்ரிமீற்றர், முகத்தில் 3 சென்ரிமீற்றர் காயம். இரண்டுக்கும் சாதாரண தையல். நீளத்தைக் கூட்டலாமா?
3. நாகம் தீண்டியவருக்கு இரண்டாம் நாள் வேறொரு வைத்தியர் மீண்டும் விஷமுறிப்பு மருந்து ஏற்றுகிறார். கடைசி எழுத்து எது?

விடைகள்: 1. முன்கை முறிவு முதலில். மரத்திலிருந்து விழுந்ததைக் காட்டும் டபிள்யூ14 பின்னால். 2. கூட்டக்கூடாது, இரண்டு குறியீடுகள். 3. ‘ஏ’.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் இத்தகைய வகுப்புக்குக் காசு கட்டியவர்கள் யார்? அவர்களுக்கு எழுத்தில் என்ன தரப்பட்டது?
2. ஒரு கணனியையும் ஒரு தொகுதிப் புத்தகத்தையும் வாசிகசாலையில் வைத்து நான்கு பிள்ளைகள் பகிர்ந்து படிக்க வழி உண்டா?
3. தெரியாததை ஊகித்து எழுதுவதால் இன்னொரு மனிதருக்கு என்ன நேரலாம்?

மூன்றாவது கேள்வியை மறக்க வேண்டாம். முகாமிலும் கச்சேரியிலும் ஒரு பெயரோ இலக்கமோ பிழையாக எழுதப்பட்டதால் அலைந்த குடும்பங்கள் எம்மிடையே பல. ஒருவருடைய ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவது எவ்வளவு பெரிய உதவி என்று எமது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த நேர்மையோடு தேடும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்பவர், இப்பரீட்சைக்கு நன்றாகவே தொடங்கிவிட்டார்.