இறுகிய எஞ்சினும் இயற்பியலும்

தேர்வு முடிந்ததும் இயற்பியலை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புவது நம் வழக்கம். ஆனால் வேப்பமரத்தடியில் ஆண்டுக்கணக்காக ஓடாமல் நிற்கும் பழைய அம்பாசடர் காரின் எஞ்சினைப் பிரிக்க அந்தப் பாடமே பெருந்துணை என்றால் நண்பர்கள் நம்புவார்களா?

பிரித்துப் பார்த்துக் கற்பது நம் பக்கத்துக்குப் புதிதன்று. கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் பயின்றார். 1920-இல் அவர் விட்ட முதல் பேருந்து பொள்ளாச்சிக்கும் நம் பழனிக்கும் இடையே ஓடியது.

அம்பாசடரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. பிளாக் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியக் கலவை, பிஸ்டன் வளையங்கள் மறுபடியும் வார்ப்பிரும்பு. நின்றுபோன எஞ்சினில் ஏதேனும் ஒரு வால்வு திறந்தபடியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்று அவ்வழியே புகுந்து, வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் துருவால் ஒட்டிவிடுகிறது. துருவோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. மயிரிழை இடைவெளியில் அது ஆப்புப் போல இறுகும். இதைத்தான் பட்டறையில் 'எஞ்சின் ஜாம்' என்கிறார்கள்.

உடனே சம்மட்டியைத் தூக்குகிறவர்களே அதிகம். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. பிளாக்கில் விரிசல் கண்டால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. எஞ்சின் எண் பிளாக்கில் இருக்கிறது. பதிவுச் சான்றிலும் அதே எண்தான். வேறு பிளாக் போட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் படியேற வேண்டும். கார் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்ட நிலையில் நல்ல பிளாக்கைத் தேடி அலைவது தனிக் கதை.

முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுங்கள். அதன் பற்சக்கரம் சிக்கியிருந்தாலும் எஞ்சின் சுற்றாது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் ஆயில் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். நுண்புழை ஏற்றத்தை நாம் படித்திருக்கிறோம்: இடைவெளி குறுகக் குறுகத் திரவம் மேலும் தொலைவு ஊர்ந்து செல்லும். பாகுநிலை குறைந்த மண்ணெண்ணெய் விரைந்து ஊடுருவும், கிரீஸ் நுழையாது. அருகில் பீடி, சிகரெட் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஹெட்டின் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட் எழும்ப மறுத்தால் இடையில் திருப்புளியைச் செருகாமல், பக்கங்களில் மரச்சுத்தியலால் தட்டுங்கள்.

இனித்தான் சுவையான பகுதி. மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ நிற்கும் பிஸ்டனை எவ்வளவு அடித்தாலும் கிராங்க் திரும்பாது. விசை கிராங்க் அச்சின் வழியாகவே செல்வதால் திருப்புத்திறன் சுழி. நடுவழியில் நிற்கும் பிஸ்டனில்தான் அடி பலிக்கும். நல்லவேளையாக, நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறது. அமுக்கப்பட்ட காற்று பிஸ்டனை எல்லை தொடவிடாமல் திருப்பித் தள்ளுவதே காரணம். சான்று வேண்டுவோர் ஃபிளைவீலின் பல்வளையத்தைப் பார்க்கலாம். எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் பற்கள் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் எப்போதும் அங்கேயே கடிக்கிறது!

நான்கு பிஸ்டன்களில் பிடித்திருப்பது எது? சம்ப்பைக் கழற்றி, கனெக்டிங் ராடுகளின் மூடிகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே கிராங்க்கை அசைத்துப் பாருங்கள். எதை விடுவித்ததும் அது அசைகிறதோ, அந்த ராடின் பிஸ்டனே குற்றவாளி. பூட்டுக்குப் புவிசார் குறியீடு (2019) பெற்ற ஊர்க்காரர்களுக்கு, உள்ளே எந்த நெம்பு தடுக்கிறது என்று தேடும் இந்த முறையை விளக்கவேண்டுமா என்ன? மூடிகளில் எண் குறித்து வையுங்கள். ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு மாற்றக்கூடாது.

சிலிண்டரின் மேல்விளிம்பில் தேய்மானத்தால் உண்டான வரம்பைச் சுரண்டிவிட்டு, அடியிலிருந்து மரக்கட்டை கொடுத்துப் பிஸ்டனை மேலே தட்டி எடுக்கலாம். வெளிவந்ததும் சிலிண்டர் சுவரை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் இடறாத கறை கவலைக்குரியதன்று. குழி விழுந்திருந்தால் 20 'தவ்' அல்லது 40 'தவ்' கடைந்து பெரிய பிஸ்டன் போடவேண்டும். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனினும் ஆழமானால் ஸ்லீவ் இறக்குவார்கள்.

மீண்டும் பூட்டுமுன், ஸ்டட் துளைகளில் தேங்கிய எண்ணெயைத் துணித்திரியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். திரவம் அமுங்காது, அடைபட்ட துளையில் ஸ்டட்டை முறுக்கினால், பாஸ்கல் விதிப்படி அழுத்தம் சுவரெங்கும் பரவி, சம்மட்டிக்குத் தப்பிய பிளாக் ஸ்பேனரால் வெடித்துவிடும்.