அடுத்தாளாக உட்கார வை

கோவிலூர்

அன்புள்ள தம்பிக்கு,

வாட்ஸாப்பில் நீ அனுப்பிய நீளமான செய்தியைப் படித்தேன். அதிலேயே பதில் தட்ட என் விரலுக்குப் பொறுமை இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓசூர் ஆலையில் லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், சூப்பர்வைசர்கள் எல்லாரும் ஆண்கள். இதை மாற்ற நினைத்து மூன்று பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டால் மூவரும் மறுத்துவிட்டார்கள். "அவங்களுக்கே ஆசை இல்லை போல, அயித்தை" என்று எழுதியிருக்கிறாய். எச்.ஆர். ஆட்கள் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்கிறார்களாம். வகுப்பு எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் பெண்களை வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளார்க்காக இருப்பவள் ஆபீசர் தேர்வு எழுதினால் பாஸாகிவிடுவாள். பாஸானால் மாற்றல் வரும், வேறு மாநிலத்துக்கே வரலாம். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை, படுக்கையில் மாமியார். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறாள். அதற்கு 'ஆசை இல்லை' என்று பேர் வைப்பது மேலே இருப்பவர்களுக்கு வசதி. ஸ்டேட் பாங்கின் முதல் பெண் தலைவராக 2013-இல் வந்த அருந்ததி பட்டாச்சார்யா, பிள்ளையையோ பெரியவர்களையோ பார்த்துக்கொள்ளப் பெண்கள் இரண்டு வருஷம் வரை லீவில் போய்த் திரும்பி வரலாம் என்று ஏற்பாடு செய்தார். வேலையை விட்டே போயிருக்கக் கூடியவர்களுக்குத் திரும்பி வர ஒரு வழி கிடைத்தது. நூறு வகுப்பு வைத்தாலும் அது நடக்காது.

அந்த மூன்று பேரையும் தனித்தனியாகக் கேள். ஏன் மறுத்தாய் என்று கேட்காதே, விசாரணை போல இருக்கும். சூப்பர்வைசரானால் உன் நாள் எப்படி மாறும் என்று கேள். மாதத்தில் பாதி இரவு ஷிப்ட், கம்பெனி பஸ் வராத நேரம், சம்பளத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம், ஓவர்டைம் போய்விடும் என்று ஏதாவது வெளியே வரும். பெண்கள் ஆலையில் இரவு வேலை செய்யக் கூடாது என்ற சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பாதுகாப்பும் வாகனமும் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. முதல் பாதியை எல்லா முதலாளிகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இனி, ஆளை உருவாக்குவது. நம் நகரத்தார் ஐயாமார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் எந்தப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள்? பையன் பெட்டியடிப் பையனாகப் போவான். அப்புறம் அடுத்தாள். அடுத்தாள் என்றால் கடையை நடத்தும் மேலாளுக்குப் பக்கத்தில் உட்கார்கிறவன். வருகிற கடிதத்தைப் படிப்பான், யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்ப்பான், மேலாள் இல்லாத நாளில் தானே முடிவெடுப்பான். அப்படித்தான் மேலாள் ஆனான். இங்கே ஊரில் அந்தப் பெரிய வீடுகளை வருஷக்கணக்கில் கட்டி ஆண்டவர்கள் ஆச்சிமார்கள். அதை நாம் மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் சாவி இடுப்பில் இருந்ததே தவிர, அவர்களில் ஒருவரையும் அடுத்தாளாக உட்கார வைக்கவில்லை.

இது பழங்கதை என்று நினைக்காதே. பள்ளத்தூரிலிருந்து கிளம்பிய முருகப்பா குழுமத்தில், அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்ற அந்தக் குடும்பத்துப் பெண் வள்ளி அருணாசலம், குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் 91 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து வாக்களித்தார்கள். 2023-இல் குடும்பத்துக்குள் சமாதானமாகிவிட்டது, நான் பஞ்சாயத்துப் பேச வரவில்லை. அந்த நாற்காலிக்குப் பெண் பிள்ளையைத் தயார் செய்யும் பழக்கம் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

அதனால் பதவிப் பேரைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. நீ உயர்த்த நினைக்கும் பெண்ணை உன் பக்கத்தில் உட்கார வை. காலை உற்பத்திக் கூட்டத்தில் கணக்கு எழுதிக் கொடுக்கிறவளாக இல்லாமல், எண்களைச் சொல்லிக் கேள்விக்குப் பதில் சொல்கிறவளாக. வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பினால் பதில் அவள் எழுதட்டும், கையெழுத்தும் அவளுடையதாக இருக்கட்டும். லைனை நிறுத்தும் அதிகாரம் கொடு. நிறுத்தினால் யாராவது உன்னிடம் ஓடி வருவான். அப்போது "அவங்களைக் கேளு" என்று நீ சொல்லும் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் முடிவு தப்பென்று தெரிந்தாலும் எல்லார் முன்னாலும் மாற்றாதே, தனியே கூப்பிட்டுச் சொல்.

சொல்லாமலும் இருக்காதே! இது உன்னைப் போன்ற நல்ல பையன்களிடம் உள்ள கோளாறு. ஆண் தப்புச் செய்தால் திட்டித் திருத்துகிறீர்கள். பெண் செய்தால், பாவம், மனசு கஷ்டப்படும் என்று சிரித்து விட்டுவிட்டு, அடுத்த வருஷம் வேறு ஆளை உயர்த்துகிறீர்கள். எங்கே குறை என்று கடைசி வரை அவளுக்குத் தெரியாது. வங்கியில் என்னைக் கடிந்து பேசிய மேலதிகாரியிடம் கற்ற பாதியைக்கூட, மரியாதையாக நடத்தியவர்களிடம் நான் கற்கவில்லை.

நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் சிக்ரியையே பார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் வந்த நிறுவனம், 1953-இல் திறந்தார்கள். அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த, தமிழ் வழியில் படித்த கலைச்செல்வி அங்கே ஆரம்ப நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, பேட்டரி ஆய்வில் வளர்ந்து, 2019-இல் அதன் முதல் பெண் இயக்குநரானார். 2022 ஆகஸ்டில், சிக்ரிக்கு மேலுள்ள ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். முழுவதற்கும் தலைமை இயக்குநரானார். வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த தலைவர் இல்லை, உள்ளேயே படிப்படியாக வளர்ந்தவர். ஆனால் 1942-இல் தொடங்கிய அமைப்பு முதல் பெண்ணைக் காண 80 வருஷம் ஆயிற்று என்பதையும் சேர்த்துப் படி. மார்ச் 8-ஆம் தேதி அவர் படத்தைச் சுவரில் ஒட்டிக் கேக் வெட்டுவதோடு நிறுத்திவிடாதே.

ஒருத்தியை மட்டும் உயர்த்தாதே. தனியாக நிற்பவள் சறுக்கினால் 'பொம்பளைங்களே இப்படித்தான்' என்று பேச்சு வரும். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உயர்த்தினால், சறுக்கியது ஒருத்தி என்பதோடு போய்விடும்.

இரவு ஷிப்ட் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்தெந்த ஹாஸ்டலுக்குப் போகிறது என்று எழுது. உனக்கே தெரியாவிட்டால் அந்த மூன்று பேரிடம் கேட்டு எழுது.

உன் அயித்தை