சின்ன வேகன் சொல்லும் பெரிய கணக்கு

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து சீசன் கூட்டம் குறைந்துவிட்டால், தென்காசி, குற்றாலம் கடைகளில் மாலை நேரம் சற்று ஓய்வாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் வீட்டுப் பிள்ளைகளையும் கடைப் பையன்களையும் கூட்டி வைத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒரு வேலையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த காலத்துச் சரக்கு வேகன் ஒன்றை, இருபதில் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்வதுதான் அது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். நீளம், பரப்பு, கன அளவு ஆகிய மூன்றும் ஒரே மாதிரி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதை மனத்தில் வாங்காததால் கிட்டங்கி வாடகையிலும், பொட்டலச் செலவிலும், அலமாரி உடைவதிலும் நாம் பணத்தை இழக்கிறோம். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும் இந்தக் கணக்கு, கையால் ஒரு வேகன் செய்தால் மறக்காது.

அந்தக் காலத்து வேகன்

இங்கிலாந்தில் ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில்பாதை 1825-லும், லிவர்பூல் - மான்செஸ்டர் பாதை 1830-லும் திறக்கப்பட்டன. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837. அதே 1837-இல் நம் சென்னையிலும் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுவதற்கான கல்லைச் சுமந்து செல்ல ஒரு ரயில்பாதை வேலை செய்தது. பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது 1856 ஜூலை 1-இல்தான். ஆக, தென்னாட்டில் மக்களை ஏற்றுவதற்கு முன்பே ரயில் சரக்கை ஏற்றிவிட்டது. இது வணிகர்களாகிய நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

அந்நாளைய வேகன் நான்கு சக்கரமும் மேல்மூடி இல்லாத மரத்தொட்டியும் கொண்டது. நனையக் கூடாத சரக்கின்மேல் தார்ப்பாய் போர்த்துவார்கள். அடிச்சட்டத்தின் இரு மரங்களும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வேகன் மற்றொன்றின்மேல் மோதும்போது அந்த மரமுனைகளே இடியைத் தாங்கும், சுருள்வில் கிடையாது. வேகன்களை இணைப்பது வெறும் சங்கிலி.

முதலில் பாதையின் அகலம்

இங்கிலாந்தின் பெரும்பாலான பாதைகளின் அகலம் 1435 மி.மீ. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியோ இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தில் பாதை போட்டது. இரண்டு அகலமும் சந்தித்த குளோஸ்டர் ஊரில் மூட்டைகளை ஒரு வேகனிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. கூலி, தாமதம், உடைசல், திருட்டு எல்லாம் சரக்குக்காரன் தலையில் விழுந்தன. இந்தத் தகராறைத் தீர்க்க 1846-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே கொண்டுவந்தது.

இந்தக் கஷ்டம் நமக்குப் புதிதல்ல. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 1904-இல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டது. மீட்டர்கேஜ் 1000 மி.மீ., அகலப்பாதை 1676 மி.மீ. நம் பக்கத்துப் பாதைகள் மீட்டர்கேஜாக இருந்த காலம் முழுவதும், அகலப்பாதை வழியே வந்த சரக்கு எங்காவது ஓரிடத்தில் வேகன் மாறித்தான் வர வேண்டும். மலைப்பாதையில் மீட்டர்கேஜ் ஓட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டு, 2018-இல் அது அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது.

நாம் செய்யப்போவது 1435 மி.மீ. பாதைக்கான வேகன். இருபதால் வகுத்தால் ஏறத்தாழ 72 மி.மீ. மீட்டர்கேஜ் வேகன் செய்ய விரும்புவோர் 50 மி.மீ. என்றும், அகலப்பாதைக்குச் செய்வோர் 84 மி.மீ. என்றும் கொள்ளலாம்.

செய்முறை

அந்நாளில் கம்பெனிக்குக் கம்பெனி வேகன் அளவு மாறுபட்டது. கணக்குக்கு எளிதாக, தொட்டியின் உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். இருபதில் ஒரு பங்கு என்றால் 150, 100, 25 மி.மீ.

1. தொட்டி: 3 மி.மீ. பிளைவுட்டில் அடித்தளம் 156 x 106 மி.மீ. பக்கப் பலகை இரண்டு, 156 x 25. முனைப் பலகை இரண்டு, 100 x 25. முனைப் பலகைகள் பக்கப் பலகைகளுக்கு உள்ளே நிற்க வேண்டும். மரப்பசையால் ஒட்டி, ஓர் இரவு கட்டி வையுங்கள்.

2. அடிச்சட்டம்: 10 மி.மீ. உயரம், 6 மி.மீ. கனமுள்ள மரச்சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 176 மி.மீ. நீளம். இரண்டுக்கும் இடையே 86 மி.மீ. விட்டு அடித்தளத்தின் கீழே ஒட்டவும். இரு முனையிலும் 10 மி.மீ. வெளியே நீட்டியிருக்கும். அதுவே இடிதாங்கி.

3. சக்கரம்: அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் தொழிலாளரிடம் சொன்னால் கடைந்து தருவார்கள். உருளும் பகுதி 46 மி.மீ. விட்டம், 6 மி.மீ. அகலம். உட்புற விளிம்பு 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். விளிம்புதான் சக்கரத்தைத் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் காப்பது.

4. அச்சு: சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும். மாட்டுவண்டியில் அச்சு நிற்கும், சக்கரம் சுற்றும். ரயிலில் சக்கரமும் அச்சும் ஒன்றாகச் சுற்றும். ஆகவே சக்கரத்தைக் கம்பியில் இறுக ஒட்டிவிட வேண்டும். இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 66 மி.மீ. இருக்கட்டும்.

5. அச்சுத் தாங்கி: பழைய எண்ணெய் டின் தகட்டில் 10 மி.மீ. அகலப் பட்டை நான்கு வெட்டிச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடிக்கவும். கூர்முனைகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பிள்ளைகள் கை வைக்கும் பொருள். அடித்தளத்திலிருந்து 27 மி.மீ. கீழே துளை. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 90 மி.மீ. கம்பி தாராளமாகச் சுற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாம்.

6. எழுத்து: பக்கப் பலகையில் கம்பெனியின் பெயரெழுத்தும் வேகன் எண்ணும் எழுதவும். இதற்குக் காரணம் உண்டு. ஒரு கம்பெனியின் வேகன் மற்றொரு கம்பெனியின் பாதையில் போனபோது வரவைப் பங்கிட, 1842-இல் லண்டனில் ஒரு கணக்கு அலுவலகம் தொடங்கப்பட்டது. சந்திப்பு நிலையங்களில் அதன் ஆட்கள் நின்று, கடந்து செல்லும் வேகன்களின் எண்ணைக் குறிப்பார்கள். வேகனைக் காலத்தில் திருப்பாத கம்பெனிக்கு டெமரேஜ் விழும். எண் இல்லாத வேகனுக்கு ஏது கணக்கு?

இனித் தராசுக்கு வாருங்கள்

வேகனை வெறுமையாக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்பு வரை அரிசியைத் தலைதட்டி நிரப்பி நிறுங்கள். அரிசி மட்டும் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும்; ரகத்துக்கு ஏற்பச் சற்றுக் கூடக் குறைய வரலாம். நிஜ வேகன் எவ்வளவு கொள்ளும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பலர் 300-ஐ இருபதால் பெருக்கி 6 கிலோ என்பார்கள். மூன்று மீட்டர் நீளத் தொட்டியில் 6 கிலோவா என்று அவர்களே சிரிப்பார்கள்.

நீளம் 20 மடங்கு, அகலம் 20 மடங்கு, உயரம் 20 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 8,000 மடங்கு. 300 கிராம் என்பது 2,400 கிலோ ஆகிறது. நியூகாசில் வட்டாரத்தின் பழைய நிலக்கரி வேகன் ஒன்றின் சுமை 53 ஹண்டர்வெயிட், அதாவது 2,690 கிலோ அளவு. நம் கணக்கு அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அடுத்து அரிசியைக் கொட்டிவிட்டுப் பொரியை நிரப்புங்கள். சில பத்து கிராம்தான் வரும். தொட்டி நிறைந்தது, எடை ஏறவில்லை. பொரி, அப்பளம், வற்றல் போன்றவற்றுக்கு வண்டி பேசும்போது எடையைப் பார்த்தால் போதாது, இடத்தையும் பார்க்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

கடைக்கு உதவும் மூன்று பாடங்கள்

முதல் பாடம், பொட்டலம். தொட்டியின்மேல் போர்த்தும் துணி 150 சதுர செ.மீ. நிஜத் தார்ப்பாய் 6 சதுர மீட்டர். அது 400 மடங்குதான்; சரக்கோ 8,000 மடங்கு. அளவு பெருகப் பெருகச் சரக்கு வேகமாகக் கூடும், போர்வை மெதுவாகக் கூடும். இதையே திருப்பிப் பாருங்கள். பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு பெட்டிக்கு 600 சதுர செ.மீ. அட்டை வேண்டும். அதே சரக்கைப் பக்கம் 5 செ.மீ. உள்ள எட்டுப் பெட்டிகளில் போட்டால் 1,200 சதுர செ.மீ. வேண்டும். சிறு பொட்டலத்துக்கு விலை வைக்கும்போது இந்த இரட்டிப்புச் செலவைச் சேர்த்தாக வேண்டும்.

இரண்டாம் பாடம், கிட்டங்கி. 10 அடிச் சதுரம், 10 அடி உயரமுள்ள அறையின் கன அளவு 1,000 கன அடி. எல்லாம் 12 அடியானால் 1,728. வாடகை ஒன்றரை மடங்கு கேட்டால் லாபம் போலத் தோன்றும். ஆனால் மூட்டையை நாம் 8 அடிக்கு மேல் அடுக்குவதில்லை என்றால், மேலே உள்ள வெற்றிடத்தால் பயனில்லை. அப்போது கிடைப்பது தரைப்பரப்பு மட்டுமே: 100-க்கு 144. ஒன்றரை மடங்கு வாடகை அங்கே நஷ்டம். முன்பணம் கொடுக்கும் முன் எந்தக் கணக்கு பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் பாடம், அலமாரி. ஒரு சிறு அலமாரியை நீளம், அகலம், உயரம், மரக்கனம் எல்லாவற்றிலும் இரட்டித்தால் அதில் அடங்கும் சுமை எட்டு மடங்கு. தாங்கும் காலின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான். ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைப்போல் இரு மடங்கு பாரம் சுமக்கிறது. சிறிய அளவில் நின்றது பெரிய அளவிலும் நிற்கும் என்று நம்பக்கூடாது. இதை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-லேயே எழுதி வைத்தார். கீழே ஆள் நிற்கும் கடையில் அலமாரி சரிந்தால் போவது சரக்கு மட்டுமல்ல. பெரிதாக்கும்போது காலைத் தடிமனாக்குங்கள் அல்லது நடுவில் ஒரு கால் கூடுதலாகக் கொடுங்கள்.

பயிற்சிக் கணக்குகள்

1. இதே வேகனைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் எவ்வளவு அரிசி கொள்ளும்?

2. ஒரு கிலோ கொள்ளும் டப்பாவை எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எவ்வளவு கொள்ளும்?

விடை: 1. நீள அளவுகள் இரட்டிப்பதால் எட்டு மடங்கு, அதாவது 2 கிலோ 400 கிராம். 2. 729 கிராம். கண்ணுக்குப் பழைய டப்பா போலவே தோன்றும். கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கும். புது டப்பாவில் சரக்கு வரும்போது உருவத்தைப் பார்க்காமல் நிகர எடையைப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

செய்த வேகனைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவிடாமல் கல்லாவின் அருகே வையுங்கள். புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் 300 கிராம் அரிசியைக் கொடுத்து நிரப்பச் சொல்லி, நிஜ வேகன் எவ்வளவு கொள்ளும் என்று கேளுங்கள். அவன் வாயிலிருந்து 2,400 கிலோ என்று வரும் நாளில், கிட்டங்கிச் சாவியை அவனிடம் நம்பிக் கொடுக்கலாம்.