சொல் ஒன்று! மிருகம் மூன்று!



எங்க பாட்டி பழைய தமிழ் பைபிளில் யோபு 39-ஆம் அதிகாரம் வாசிச்சாங்க. காண்டாமிருகம் உன் தொழுவத்தில் தங்குமா, உன் நிலத்தை உழுமா என்று யோபுவிடம் கடவுள் கேட்கிறார். உடனே என் தம்பி, "காண்டாமிருகத்தைப் போய் யாராவது ஏர்ல பூட்டுவாங்களா?" என்று சிரிச்சான். நியாயமான கேள்விதானே!

தேடிப் பார்த்தேன். எபிரெய மொழியில் அங்கே இருக்கும் சொல் 'ரெயேம்'. கி.மு. காலத்திலேயே அதைக் கிரேக்கத்தில் 'ஒற்றைக்கொம்பன்' என்று மொழிபெயர்த்தார்கள். லத்தீனில் சில இடங்களில் 'காண்டாமிருகம்' ஆனது. 1611-ல் வந்த ஆங்கில பைபிளிலோ 'யூனிகார்ன்'! அது கற்பனை மிருகம்.

சரி, உண்மையில் அது எது? இதோ மூன்று தடயங்கள்:

1. உபாகமம் 33:17-ல் ஒரே ரெயேமுக்குக் 'கொம்புகள்' என்று பன்மையில் வருகிறது. அப்போ ஒற்றைக்கொம்பு இல்லை.

2. எபிரெயத்துக்கு உறவான அக்காடிய மொழியில் 'ரீமு' என்றால் காட்டு எருது. 19-ஆம் நூற்றாண்டில் அசீரியக் களிமண் பலகைகளைப் படித்த பிறகு இது தெளிவானது.

3. யோபுவில் வரும் கேள்வியே தொழுவத்தையும் உழவையும் பற்றியது.

எனவே 1885-ல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு 'காட்டு எருது' என்று மாற்றியது. ஆரக்ஸ் என்னும் அந்த இனத்தின் கடைசிப் பசு 1627-ல் போலந்தில் செத்தது. அதே இனத்தின் இந்தியக் கிளையில் இருந்து வந்தவைதான் நம்ம பெரும்பாக்கம் ரோட்டில் படுத்து அசைபோடும் திமில் மாடுகள்! (வண்டலூர் ஜூவில் பார்க்கும் காட்டெருமை வேறு இனம்.)

இப்போ அந்தக் கேள்வியைத் திரும்பப் படிங்க. காண்டாமிருகம் உழாது என்பது எல்லாருக்கும் தெரியும், சிரிப்புதான் வரும். ஆனால் காட்டு எருது? பார்க்க நம்ம வீட்டு எருது மாதிரியே இருக்கும், அதே பலம், அதே கொம்பு. ஆனாலும் உன் பேச்சைக் கேட்காது! மனிதனின் கர்வத்துக்கு அதுதான் சரியான குட்டு. ஒரு சொல் மாறியதில் அந்தக் குட்டு சிரிப்பாகிப் போச்சு.

தம்பி சிரிச்சது தப்பில்லை. அவன் கேட்டதால்தான் நான் தேடினேன். பாடத்தில் ஒரு சொல் பொருந்தாமல் இருந்தால் நீங்களும் கேளுங்க!

— 9-ஆம் வகுப்பு மாணவி